சபதமா, பழக்கமா, துணையா: எடை குறைக்க எந்த மனசோடு இறங்குவது?

சேலத்தில் யாரிடம் எடையைப் பற்றிப் பேச்செடுத்தாலும் உடனே ஒரு டயட்டின் பெயர்தான் வருகிறது. பேலியோ என்பார் ஒருவர், காலை பதினொரு மணி வரை பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடாதே என்பார் இன்னொருவர், ராத்திரிக்குப் பப்பாளி, சோற்றுக்குப் பதில் சாமை, வெறும் வயிற்றில் சீரகத் தண்ணீர் என்று வாட்ஸ்அப்பில் வேறு தினமும் ஒன்று வந்து விழும். எந்த டயட் என்று தேடும் நேரத்தில் கால்வாசியைக்கூட, எப்படிப்பட்ட மனநிலையோடு அதில் இறங்கப் போகிறோம் என்று யோசிக்க யாரும் ஒதுக்குவதில்லை. முதலில் எடுக்க வேண்டிய முடிவே அதுதான். அமெரிக்காவில் அட்கின்ஸ், ஆர்னிஷ், வெயிட் வாட்சர்ஸ், ஸோன் என்ற நான்கு டயட்டுகளை 160 பேரிடம் ஒரு வருடம் ஒப்பிட்டுப் பார்த்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் குறைந்திருந்தது. விடாமல் கடைப்பிடித்தவர்களுக்கு, அது எந்த டயட்டாக இருந்தாலும் சரி, அதிகம் குறைந்திருந்தது.

விடாமல் கடைப்பிடிப்பது எப்படி என்பதில் நம்மூரில் மூன்று வழிகளைப் பார்க்கிறேன். ஒன்று, சபதம் போட்டு இறங்குவது. இரண்டு, சத்தமில்லாமல் ஒவ்வொரு பழக்கமாக மாற்றுவது. மூன்று, ஆள் சேர்த்துக்கொண்டு இறங்குவது. மூன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்: ஒரு நாள் தவறிப்போனால், மறுநாள் காலையில் அந்த வழி உங்களை என்ன செய்யச் சொல்லும்? தவறாத ஆள் கிடையாது. கல்யாணம், காதுகுத்து, மாம்பழ சீசன், தீபாவளி எல்லாம் வருடம் தவறாமல் வரும். அதனால் நல்ல நாட்களில் எந்த வழி வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பதில் பெரிய அர்த்தம் இல்லை.

இதை முக்கியமாக, "சுகர் பார்டர்ல இருக்குங்க, ஒரு அஞ்சாறு கிலோ குறைச்சிருங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியவர்களுக்காக எழுதுகிறேன். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருப்பவர், அம்மாப்பேட்டையில் தறியில் இருப்பவர், ஐந்து ரோடு பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர், எல்லோருக்கும் இன்று இதே பேச்சுதான். 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். அதுவும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவு, 25 என்ற கோட்டை வைத்து எடுத்த கணக்கு. நம் உடம்புக்கு 23 தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதுதான் எல்லை.

சரி, முதலில் சபதம்.

"தை மாசம் அண்ணன் பொண்ணு கல்யாணம், அதுக்குள்ள பத்துக் கிலோ குறைச்சுக் காட்டறேன்." இப்படித்தான் ஆரம்பிக்கும். வீட்டில் இருக்கிற மிக்சர், முறுக்கு எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போகும், புது ஷூ வரும், காலை நாலரைக்கு அலாரம் அடிக்கும். இந்த வேகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பல வருடம் தள்ளிப்போட்ட ஒரு வேலையைத் தொடங்கிவைக்க இதைப் போல வேறொன்று கிடையாது. முதல் வாரத்திலேயே எடை இயந்திரத்தில் இரண்டு கிலோ குறைந்தும் காட்டும். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாக ஈரலிலும் தசையிலும் சேர்த்துவைக்கிறது, ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் காலியாவது இந்தக் கையிருப்புதான். மூன்றாவது வாரத்தில் முள் அசையாமல் நிற்கும்போது நிஜமாகவே கொழுப்பு கரைந்துகொண்டிருக்கலாம், ஆனால் சபதம் போட்டவருக்கு அது தோல்வியாகத் தெரியும்.

இலக்கே பெரிதாக இருப்பது அடுத்த சிக்கல். 1997இல் வெளியான ஓர் ஆய்வில் எடை குறைக்க வந்த 60 பெண்களிடம் எவ்வளவு குறைந்தால் போதும் என்று கேட்டார்கள். சராசரியாகத் தங்கள் எடையில் 32 சதவீதம் என்றார்கள். 80 கிலோ இருப்பவருக்கு அது 25 கிலோவுக்கும் மேல். 48 வாரம் கழித்துப் பார்த்தால் சராசரியாக 16 கிலோ குறைந்திருந்தது, எந்த டாக்டரும் கைகொடுத்துப் பாராட்டக்கூடிய அளவு அது. ஆனால் அவர்களில் பாதிப்பேர், 'இவ்வளவுதான் குறைந்தது என்றால் எனக்கு ஏமாற்றம்' என்று ஆரம்பத்தில் தாங்களே குறித்துக்கொடுத்த எடையைக்கூட எட்டவில்லை. சர்க்கரை நோயைத் தள்ளிப்போட 5 முதல் 7 சதவீதம் குறைந்தாலே நல்ல பலன் உண்டு. 80 கிலோ ஆளுக்கு நாலு, ஐந்தரை கிலோ. டாக்டர் அஞ்சாறு கிலோ என்று சொன்னது உங்களைச் சமாதானப்படுத்த இல்லை, கணக்கே அதுதான்.

ஒல்லியான உடம்பைக் கற்பனை செய்து பார்த்துக்கொண்டே இரு, தானாக வந்துவிடும் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிரிட்ஜ் கதவில் படம் ஒட்டிவைப்பது, இரண்டு சைஸ் சின்னதாக ஜாக்கெட் தைத்துவைப்பது எல்லாம் இந்த வகை. இது எனக்குக் கவலை தருகிறது. காரணம், காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் 1991இல் தாமஸ் வாடனோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு. எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்களை ஒரு வருடம் கவனித்தார்கள். 'என்னால் முடியும்' என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது. ஆனால் மெலிந்தபிறகு எப்படி ஜொலிப்போம், பலகாரத்தைப் பார்த்தாலும் மனசு அசையாது என்று இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களுக்கு, கஷ்டத்தையும் சேர்த்துக் கற்பனை செய்தவர்களைவிட ஏறக்குறைய 11 கிலோ குறைவாகவே இறங்கியது. நம்பிக்கை வேண்டும், அதோடு சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன ஆகும் என்பதையும் மனசில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன ஆகும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தள்ளுவண்டியைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். சின்னத் தட்டுவடை ஒன்றை எடுத்து, காரச் சட்னியையும் பச்சைச் சட்னியையும் தடவி, துருவின பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கின வெங்காயம் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையை மூடி லேசாக அழுத்தும்போது அந்தச் சின்னச் சத்தம் கேட்கும். நண்பர் ஒரு தட்டை உங்கள் பக்கம் நீட்டுகிறார். ஒரே ஒரு செட் என்று எடுக்கிறீர்கள். அந்த ஒரு செட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் சபதம் போட்ட மனசுக்குள் அந்த நொடியில் 'போச்சு, கெட்டுப்போச்சு' என்று ஒரு குரல் வரும். கெட்டுப்போனபிறகு எதற்கு நிறுத்த வேண்டும்? இன்னொரு தட்டு, அப்புறம் ஒரு முட்டை நொறுக்கல், ராத்திரி பரோட்டா, நாளையிலிருந்து ஒழுங்காக இருக்கலாம் என்ற சமாதானம். அந்த நாளை திங்கட்கிழமையாகி, திங்கட்கிழமை ஒன்றாம் தேதியாகி, கடைசியில் பொங்கல் முடியட்டும் என்று நிற்கும். இது உங்களுடைய தனிப்பட்ட பலவீனம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பீட்டர் ஹெர்மன் என்ற உளவியலாளர் 1975இலேயே இதைச் சோதித்துக் காட்டினார். சாப்பாட்டைக் கட்டுப்படுத்திக்கொண்டிருப்பவர்களுக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தால், மில்க்‌ஷேக் குடிக்காமல் வந்தவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு ஏதும் இல்லாதவர்களோ மில்க்‌ஷேக் குடித்த வயிற்றுக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டார்கள்.

நமக்கு விரதம் புதிதில்லையே என்று கேட்கலாம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்கு விரதம் இருப்பவர்கள் எவ்வளவு கறாராக இருக்கிறார்கள், ஒரு வாய் தப்பாது. ஆனால் அந்த விரதத்துக்கு முடிகிற நாள் என்று ஒன்று உண்டு, திருவிழா முடிந்ததும் நிறைவாகச் சாப்பிட்டு எழுந்துவிடலாம். எடைக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. தையில் கல்யாணம் முடிந்து மாசியில் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் எடையும் திரும்பும், உடம்பே அதற்கு உதவி செய்யும். மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்து எடை குறைத்துப் பார்த்தார்கள், 2011இல் வெளியான ஆய்வு அது. ஒரு வருடம் கழித்தும் பசியைத் தூண்டும் கிரெலின் பழைய அளவைவிட அதிகமாகவும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறைவாகவும்தான் இருந்தன. அதாவது எடை குறைந்தவருக்குப் பசி நிஜமாகவே அதிகம். மூன்று மாத வைராக்கியத்தை ஒரு வருடப் பசியோடு மோதவிட்டால் எது ஜெயிக்கும்?

சபதத்தின் இன்னொரு வடிவம் ஞாயிற்றுக்கிழமை வீரம். அடிவாரத்திலிருந்து சைக்கிளில் கிளம்பி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போவது அருமையான விஷயம், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது கஷ்டம். ஆனால் மேலே போனதும் 'இவ்வளவு தூரம் ஏறியிருக்கிறேன்' என்ற நினைப்பில் ஏரிக்கரையில் சூடாக மிளகாய் பஜ்ஜி, கீழே இறங்கினதும் பிரியாணி, திங்கள் முதல் சனி வரை நாற்காலி என்று ஆனால், வாரக் கடைசியில் கணக்கு நேராகிவிடும். பிடித்திருந்தால் தாராளமாக ஏறுங்கள், எடைக் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.

சபதங்களில் பாதி எங்கே பிறக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். யாரோ ஒருவர் சொன்ன சொல்லில் பிறக்கின்றன. என் தங்கைக்குக் குழந்தை பிறந்து பேர் வைக்கிற அன்று, வந்திருந்த ஒரு பெரியம்மா பந்தியில் எல்லோர் முன்னாலும், "என்ன கண்ணு, அடையாளமே தெரியல, இப்படி ஊதிட்ட?" என்றார். பாசமாகத்தான் சொன்னார். அதற்கப்புறம் தங்கை விசேஷங்களுக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள், தெருவில் நடப்பதை நிறுத்தி மொட்டை மாடியில் விளக்கு போடாமல் நடந்தாள், சில நாட்கள் பட்டினி, சில நாட்கள் அழுதுகொண்டே சாப்பாடு. இங்கிலாந்தில் 50 வயதுக்கு மேற்பட்ட 2,944 பேரை நான்கு வருடம் கவனித்து 2014இல் எழுதினார்கள்: எடையை வைத்துத் தங்களை மட்டமாக நடத்துகிறார்கள் என்று சொன்னவர்களுக்கு சராசரியாக ஏறக்குறைய ஒரு கிலோ கூடியிருந்தது, அப்படிச் சொல்லாதவர்களுக்கு முக்கால் கிலோ அளவுக்குக் குறைந்திருந்தது. அதனால் சித்தி, அத்தை, மாமா, பெரியம்மா எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன், நல்லது என்று நினைத்துக்கூட அப்படிச் சொல்லாதீர்கள். அந்தச் சொல் யாரையும் மைதானத்துக்கு அனுப்பாது, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் உட்காரவைக்கும். அப்படிப்பட்ட ஒரு சொல்லால் நீங்கள் இப்போது இறங்கப்போகிறீர்கள் என்றால், ஒரு வாரம் தள்ளி, கோபம் அடங்கினபிறகு இறங்குங்கள்.

இரண்டாவது வழி பழக்கம். இதில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்காது, அதுதான் இதன் பலமும் பலவீனமும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாளைக்கு நாலு டம்ளர் காபி, டீ, டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு ஸ்பூன், கிட்டத்தட்ட 40 கிராம், 160 கலோரி. எழுபது கிலோ எடையுள்ளவர் சாதாரண வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது 200, 250 கலோரிதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் ஸ்பூன் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்குக்குத் தெரியாமலேயே பாதிக்கு வந்துவிடலாம். வீட்டில் தாளிக்கும் கரண்டியை மாற்றுவதும் இப்படித்தான், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு 120 கலோரி. சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை: சாமையும் தினையும் நல்ல உணவுதான், நார்ச்சத்து இருக்கிறது, ஆனால் கிலோவுக்குக் கிலோ கலோரி அரிசிக்குப் பக்கத்திலேயேதான் நிற்கும். சிறுதானியம்தானே என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் பயன் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். கடை சாத்தி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போது மணி பத்தைத் தாண்டிவிடும், பகல் முழுக்க வெறும் டீயில் ஓட்டிய பசிக்குச் சோறு மலையாக இறங்கும், உடனே படுக்கை. டாக்டர் சொன்னபிறகு அவர் டயட் எதுவும் எடுக்கவில்லை. ஒரே ஒரு மாற்றம்: ராத்திரிச் சாப்பாடு ஏழரை மணிக்குப் பட்டறைக்கே டப்பாவில் வரும், இரண்டு சப்பாத்தி, பாசிப்பயறுக் கூட்டு, ஒரு பொரியல். வீட்டுக்குப் போனதும் ஒரு டம்ளர் மோர், அவ்வளவுதான். நடுவில் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது, இரண்டு நாள் விருந்து, எதையும் விடவில்லை. மூன்றாம் நாள் ஏழரைக்கு வழக்கம்போல டப்பா வந்தது, சாப்பிட்டார். 'கெட்டுப்போச்சு' என்ற பேச்சே அங்கே எழவில்லை, ஏனென்றால் கெட்டுப்போக அங்கே சபதம் எதுவும் இல்லை. நான் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் பார்த்ததில்லை.

லண்டனில் பிலிப்பா லாலி என்பவரின் குழு 96 பேர் புதுப் பழக்கம் ஒன்றைத் தொடங்குவதைப் பின்தொடர்ந்தது. அது தன்னால் நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 ஆகும் என்று கணக்கு காட்டியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. இருபத்தொரு நாளில் எல்லாம் மாறிவிடும் என்று யாராவது சொன்னால், இருபத்திரண்டாம் நாள் மனசு உடையாமல் இருக்க இந்த எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பழக்கத்தை மனசில் பதிய வைக்கும் விதத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'இனிமேல் கம்மியாகச் சாப்பிடுவேன்' என்ற தீர்மானத்துக்குக் கைகால் கிடையாது. 'இந்த நேரம், இந்த இடம் வந்தால் இதைச் செய்வேன்' என்று முடிச்சுப் போட்டுவைத்தால் அது நிற்கும் என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரும் அவருக்குப் பின் வந்தவர்களும் நிறையச் சோதித்திருக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினதும் தள்ளுவண்டி இருக்கிற பக்கம் போகாமல் எதிர்ப்பக்கமாக வீட்டுக்கு நடப்பேன். பந்தியில் உட்கார்ந்தால் முதலில் பொரியலும் கூட்டும் கேட்பேன், இரண்டாவது தடவை சோறு வரும்போது இலைக்கு மேலே கையை வைத்துத் தடுப்பேன். இந்த அளவுக்குச் சின்னதாக, குறிப்பாக இருக்க வேண்டும்.

பழக்கக்காரர்களும் மனசைச் சும்மா விட்டுவிட முடியாது. 2011இல் அலியா கிரம் என்ற உளவியலாளர் செய்த சோதனையில் 46 பேருக்கு ஒரே 380 கலோரி மில்க்‌ஷேக்கைத்தான் கொடுத்தார்கள், ஒரு தடவை '620 கலோரி, ஆடம்பரம்' என்று சீட்டு ஒட்டி, இன்னொரு தடவை '140 கலோரி, அளவானது' என்று சீட்டு ஒட்டி. ஆடம்பரம் என்று நம்பிக் குடித்தபோது பசி ஹார்மோன் கிரெலின் நன்றாக இறங்கியது, அளவானது என்று நம்பியபோது அசையவே இல்லை என்று சொல்லலாம். ஒரே பானம், ஒரே வயிறு. ஆகவே 'ஐயோ, இது டயட் சாப்பாடு, பத்தாது' என்ற வருத்தத்தோடு ஓட்ஸ் கஞ்சியை விழுங்குவதைவிட, சோற்றைப் பாதியாக்கி, கீரை மசியல், அவரைக்காய்ப் பொரியல், ஒரு முட்டை, ரசம் என்று தட்டு நிறையப் பரிமாறி, இது முழுச் சாப்பாடு என்ற மனசோடு உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவோ மேல்.

இந்த வழியின் குறை, மெதுவாகத்தான் இறங்கும். மாதம் ஒரு கிலோ என்றால் சந்தோஷப்பட வேண்டும், சில மாதம் அதுவும் இருக்காது. யாரும் கவனித்துப் பாராட்டவும் மாட்டார்கள். பாராட்டு இல்லாவிட்டால் சோர்ந்துபோகிற சுபாவம் உள்ளவர்கள் இதில் தனியாக இறங்கினால் ரெண்டு மாதத்தில் அலுத்து, மறுபடியும் ஒரு பெரிய சபதத்தைத் தேடிப்போவார்கள்.

அவர்களுக்குத்தான் மூன்றாவது வழி, துணை. 1999இல் ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி இருவரும் 166 பேரை வைத்துச் செய்த ஆய்வு இதற்கு நல்ல ஆதாரம். தனியாக வந்து வழக்கமான பயிற்சி எடுத்தவர்களில் 76 சதவீதம் பேர் நான்கு மாதப் பயிற்சியை முடித்தார்கள், குறைத்த எடையைப் பத்தாவது மாதத்தில் முழுசாகக் காப்பாற்றியவர்கள் 24 சதவீதம். நண்பர்களோடு சேர்ந்து வந்து, ஒருவருக்கொருவர் தாங்கிக்கொள்ளும் விதத்தையும் கற்றவர்களில் முடித்தவர்கள் 95, காப்பாற்றியவர்கள் 66 சதவீதம். காந்தி ஸ்டேடியத்தில் காலையில் நடக்கிறவர்களைப் பார்த்தாலே இது புரியும். நாலு பேராக வருகிறவர்களில் ஒருவர் ரெண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் போன் போகும், "என்னங்க, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று. தவறின மறுநாள் காலையில் அப்படி ஒரு குரல் கேட்டால் கால் தானாகச் செருப்பைத் தேடும். பெண்களுக்கு இதில் இன்னொன்றும் இருக்கிறது. விடியாத இருட்டில் மூக்கனேரிப் பக்கமோ கோரிமேட்டுப் பக்கமோ ஒரு பெண் தனியாக நடப்பது இன்னும் நம்மூரில் சுலபமில்லை. கூட ஒருத்தி இருந்தால்தான் வாசலைத் தாண்டவே முடியும் என்பது பலருடைய நிலைமை.

துணையிலும் பள்ளங்கள் உண்டு. நடை முடிந்ததும் கூட்டமாக டீக்கடை, ஆளுக்கு ரெண்டு போண்டா என்று பழகிவிட்டால் நடந்தது நட்புக்கு மட்டும்தான். கூட்டத்தின் தலையாக இருந்தவர் மாற்றலாகிப் போனால் கூட்டமே கலைந்துவிடும். கிலோவை ஒப்பிட ஆரம்பித்தால் மனக்கசப்பும் வரும், முக்கியமாகக் கணவன் மனைவிக்குள். ஆண்களுக்கு உடம்பும் தசையும் பெரிது என்பதால் ஆரம்பத்தில் எடை வேகமாக இறங்கும், அதைப் பார்த்து மனைவி தன்னைக் குறைசொல்லிக்கொள்வதில் எந்த நியாயமும் இல்லை.

அதோடு, மைதானத்துத் துணையைவிட அடுப்படித் துணை பெரிது. பல வீடுகளில் எடை குறைக்க நினைப்பவர் ஒருவர், உலை வைப்பவர் இன்னொருவர். "அத்தை, ராத்திரி எனக்குச் சோறு வேண்டாங்க, டாக்டர் சொல்லியிருக்காரு." "ஒரு வாய்தானே கண்ணு, நாள்பூரா வேலை செஞ்சு வந்திருக்க, சாப்பிடு." இந்தப் பேச்சு தினமும் நடக்கும் வீட்டில் எந்த வழியும் எடுபடாது. மறுத்து மறுத்துச் சண்டை போடுவதைவிட, டாக்டரிடம் போகும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. அவர் காதால் கேட்டுவிட்டால், அதே அக்கறையோடு சுண்டலும் கீரையும் செய்து வைப்பார். சாப்பிடவைப்பதுதான் அவர்களுக்கு அன்பு, அந்த அன்புக்கு வேறு பாத்திரத்தைக் கொடுத்தால் போதும்.

எடை குறைக்கும் ஊசியைப் பற்றியும் கேட்கிறார்கள். செமாக்ளூடைடு ஊசி எடுத்தவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது, நிறுத்தின ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. அதை எடுப்பது ஏமாற்று வேலை என்ற பேச்சு தவறு. ஒரு மருந்து ஹார்மோனைத் தொட்டதும் பசி அடங்குகிறது என்றால், இத்தனை நாள் பசித்தது உங்கள் குணக்கேடு இல்லை என்றுதானே அர்த்தம்? வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும், கடையில் வாங்கித் தானே போட்டுக்கொள்ளும் விஷயம் கிடையாது. அதேபோல தைராய்டு, பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, ஸ்டீராய்டு, மனநலத்துக்கு எடுக்கும் சில மாத்திரைகள் என்று எடையைக் கூட்டும் காரணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் மனசை மட்டும் பிடித்து உலுக்கக் கூடாது. சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் பழக்கமோ, யாரும் பார்க்காமல் அளவில்லாமல் சாப்பிட்டு அப்புறம் உடைந்துபோவதோ இருந்தால் இந்த மூன்று வழியும் அவர்களுக்கு வேண்டாம், முதலில் மனநல மருத்துவர்.

இனி எதை எடுப்பது? அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்து, அதற்குள் இவ்வளவு குறைய வேண்டும் என்று டாக்டரே சொல்லியிருந்தால் சபதம் சரி, அங்கே முடிகிற நாள் நிஜமாகவே இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் நான் பழக்கத்தைத்தான் சொல்வேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நேரம் தன் கையில் இல்லாதவர்கள், ஷிப்ட் வேலைக்காரர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குச் சாப்பாட்டில் ஒரு மாற்றம் மட்டும் போதும், நடையைப் பிறகு பார்க்கலாம். தனியாக இருந்தால் சோர்ந்துபோவேன் என்று தெரிந்தவர்கள் பழக்கத்தோடு ஒரே ஒரு துணையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பத்துப் பேர் குழு தேவையில்லை. சபதத்தின் சூடு இப்போது உங்களிடம் இருந்தால் அதை வீணாக்கவும் வேண்டாம். அந்த ஒரு வாரத்து வேகத்தில் வீட்டைத் திருத்தி அமையுங்கள்: எண்ணெய்க் கரண்டி, சர்க்கரை டப்பா இருக்கும் இடம், ராத்திரிச் சாப்பாட்டு நேரம், டாக்டரிடம் அத்தையோடு போகும் நாள். சூடு ஆறினபிறகும் இவை அப்படியே இருக்கும்.

எடை இயந்திரத்தை வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் ஏறிப் பாருங்கள். அமெரிக்காவில் 13.6 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது காப்பாற்றியவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் ஒரு பதிவேடு 1994 முதல் நடக்கிறது, அதில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறவர்கள். தினமும் பார்த்து, அரைக்கிலோ ஏறியதற்கெல்லாம் அன்றைய பொழுது கெட்டுப்போகிற ஆள் என்றால் இயந்திரத்தைப் பரண்மேல் வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை தையல் டேப்பால் இடுப்பை அளந்தால் போதும். மூன்று மாதம் முடிந்ததும் எச்பிஏ1சி பரிசோதனை எடுங்கள், சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை அது காட்டும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு 2006இல் வெளியிட்ட இந்திய ஆய்வில், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தவர்கள் சாப்பாட்டையும் நடையையும் மாற்றியதில் சர்க்கரை நோய்க்குப் போவது 28.5 சதவீதம் குறைந்தது, அதுவும் எடையில் பெரிய மாற்றம் தெரியாமலேயே. ஆகவே முள் நகரவில்லை என்பதற்காக டப்பாவை நிறுத்திவிடாதீர்கள், ரிப்போர்ட் வரட்டும்.